ஸ்போர்ட்ஸ் காரை இழுக்க எந்த பிக்அப்? வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஸ்போர்ட்ஸ் காரை டிரெய்லரில் ஏற்றி ரேஸ் டிராக்குக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோக ஒரு பிக்அப் டிரக் வாங்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தீர்கள் என்றால், ஆளுக்கொரு பதில் வரும். ஷோரூமில் "இது அஞ்சு டன் இழுக்கும் சார், உங்க கார் ஒன்றரை டன்தானே, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்பார்கள். டிராக்கில் பெரிய டீசல் வண்டி வைத்திருப்பவரோ அதற்குக் குறைந்த எதையும் வண்டியாகவே மதிக்க மாட்டார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மானுவல்களையும் ஸ்டிக்கர்களையும் மாதக்கணக்கில் புரட்டிய பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: இந்த அளவு சுமைக்கு வண்டியின் இழுக்கும் சக்தி பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும், முதலில் தீர்ந்துபோவது சுமக்கும் சக்தி. அதாவது பேலோடு. கீழே இருக்கும் படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன, வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. காரின் எடையை ஒழுங்காக எழுதுங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் இலகு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 1,100 கிலோ, டொயோட்டா ஜிஆர்86 ஏறத்தாழ 1,300, போர்ஷே 911 கரேரா 1,500 சொச்சம், கொர்வெட் சி8 சுமார் 1,650, நிஸ்ஸான் ஜிடி-ஆர் 1,750ஐ ஒட்டி. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே அறுநூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம், அதனால் 'ஒரு ஸ்போர்ட்ஸ் கார்' என்று பொதுவாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சில நிறுவனங்கள் விளம்பரத்தில் போடுவது உலர் எடை. எண்ணெய், கூலன்ட், பெட்ரோல் எதுவும் இல்லாத எடை அது. கொர்வெட் சி8 அறிமுகமானபோது பரவலாக அடிபட்ட 1,527 கிலோ அப்படிப்பட்டதுதான். உங்களுக்கு வேண்டியது டேங்க் நிரம்பி ஓடத் தயாராக நிற்கும் எடை. காரை நீங்கள் மாற்றியமைத்திருந்தால் (ரோல் கேஜ், பெரிய பிரேக், வேறு சீட்டு) எந்தப் புத்தகத்தையும் நம்பாமல் ஒரு எடை மேடையில் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் கூடவே போகும் சாமான். டயரோடு சேர்ந்த நான்கு மாற்றுச் சக்கரங்கள் மட்டுமே 80 முதல் 100 கிலோ. ஜாக், டூல் பெட்டி, பெட்ரோல் கேன் (20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ), ஸ்ட்ராப்புகள், மடக்கு நாற்காலி, கூடாரம். ஒரு சாதாரண டிராக் நாளுக்கே 250 கிலோ சத்தமில்லாமல் சேர்ந்துவிடும்.

2. டிரக்குக்கு முன் டிரெய்லரை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரக்கை வாங்கிவிட்டு, அது எந்த டிரெய்லரைத் தாங்கும் என்று தேடுகிறார்கள். டிரெய்லர்தான் கணக்கை மாற்றுகிறது, கார் இல்லை.

திறந்த இரும்பு டிரெய்லர், 18 அடி, இரட்டை அச்சு என்றால் காலி எடை 900 முதல் 1,000 கிலோ. அதே அளவில் அலுமினியம் என்றால் 700 கிலோவை ஒட்டி. விலை கூடுதல், ஆனால் துரு பிடிக்காது, திரும்ப விற்கும்போதும் விலை அதிகம் இறங்காது. நான்கு பக்கமும் மூடிய 24 அடி டிரெய்லர் என்றால் காலியாகவே 1,600 முதல் 2,000 கிலோ, அலமாரி, வின்ச் (காரை இழுத்து ஏற்றும் கம்பிச் சுருள்), ஜெனரேட்டர் வைத்தால் இன்னும் மேலே.

மூடிய டிரெய்லரில் எடையை விடப் பெரிய தொல்லை காற்று. இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரு சுவரை நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போகிறீர்கள். எரிபொருள் கரைவதும் எஞ்சின் முக்குவதும் பக்கக் காற்றில் வண்டி அலைவதும் எல்லாம் அதனால்தான். காருக்கு மழை, கல், திருடன் மூன்றிலிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்றால் மூடியதை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதைத் தேர்ந்தெடுத்த கணமே டிரக்கும் ஒரு வகுப்பு மேலே போக வாய்ப்பு அதிகம். ஆசைக்காக மூடிய டிரெய்லர் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

தாழ்வான காருக்கென்று சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். சாய்தளத்தின் கோணம் செங்குத்தாக இருந்தால் முன் பம்பரின் கீழ் உதடு முதலில் இடிக்கும், அதைத் தாண்டினாலும் சாய்தளமும் தளமும் சேரும் மடிப்பில் காரின் நடுவயிறு உட்கார்ந்துவிடும். பின்முனை கீழிறங்கிய தளம் அல்லது முழுத்தளமும் சாயும் வகை டிரெய்லர் இதற்கு நல்லது, இல்லையென்றால் நீளமான சாய்தளம். அப்புறம் கதவு. பல வாடகை டிரெய்லர்களில் சக்கரத்துக்கு மேல் உயரமான நிலையான மட்கார்டு இருக்கும். காரை ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தால் நாலு விரல் நகர்ந்து மட்கார்டில் முட்டும், ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கழற்றக்கூடிய அல்லது மடங்கும் மட்கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மூடிய டிரெய்லரில் ஓட்டுநர் கதவுக்கு நேராக ஒரு பக்கக் கதவு தேவை.

3. டிரக்கின் கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. அமெரிக்கா, கனடாவில் விற்கும் பெரும்பாலான பிக்அப்புகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்தம் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி அதில் இருக்கும். அந்த எண் அந்த ஒரே வண்டிக்கானது. மாடலுக்கானதும் இல்லை, விளம்பரப் புத்தகத்துக்கானதும் இல்லை.

பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு டிரக்குகளில் இந்த எண் 200 கிலோ வேறுபடலாம். கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், பெரிய சக்கரம், மின்சாரத்தில் நகரும் சீட்டு, மடங்கும் படி எல்லாம் பேலோடிலிருந்துதான் கழிகின்றன. சொகுசு கூடக் கூடச் சுமக்கும் சக்தி குறையும். அதிக விலை கொடுத்தால் அதிகம் சுமக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் இந்த ஸ்டிக்கர் இப்படி இருக்காது. தயாரிப்பாளர் தகட்டிலோ மானுவலிலோ வண்டியின் மொத்த எடை வரம்பும், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த வரம்பும், ஒவ்வொரு அச்சின் வரம்பும் இருக்கும். மொத்த வரம்பிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்தால் பேலோடு. காலி எடையில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரின் முன்மூக்கு ஹிட்ச் (டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் அமைப்பு) மேல் அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். இரட்டை அச்சு டிரெய்லருக்கு அது மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம் (ஐரோப்பாவில் டிரெய்லர் அமைப்பே வேறு, அங்கே இது இன்னும் குறைவு, ஹிட்ச்சின் தகட்டில் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது). குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும். இந்த எடை முழுவதும் பேலோடில்தான் சேரும். இப்போது கணக்கைப் போடுவோம்.

ஒரு சாதாரண அரை டன் வகை பிக்அப் (அமெரிக்க முழு அளவு பிக்அப்புகளில் சிறிய வகுப்புக்கு வழங்கும் பழைய பெயர், நிஜ அளவு அல்ல), ஸ்டிக்கரில் 700 கிலோ. உள்ளே பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர்: 220 கிலோ. ஹிட்ச் சாமான்கள்: 40. பின்தொட்டியில் ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், மூடி: 60. மீதி 380 கிலோ.

திறந்த டிரெய்லர் 950, கார் 1,550, டிரெய்லரிலேயே வைக்கும் சாமான் 250, மொத்தம் 2,750 கிலோ. அதில் 12 சதவீதம் 330. சரி, 50 கிலோ மிச்சத்தில் தப்பித்தோம்.

மூடிய டிரெய்லர் 1,900, அதே கார் 1,550, சாமான் 400, மொத்தம் 3,850. அதில் 12 சதவீதம் 462 கிலோ. வரம்பை 82 கிலோ தாண்டிவிட்டது. இத்தனைக்கும் இதே டிரக்கின் விளம்பரத்தில் 5,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும், அதில் பொய்யும் இல்லை. இழுக்கும்தான். பின் அச்சு தாங்காது, அவ்வளவுதான்.

பழைய வண்டி பார்க்கப் போனாலும் சரி, புதிது என்றாலும் சரி, விலை பேசுவதற்கு முன் அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

4. சேர்ந்த எடை வரம்பையும் ஒரு தடவை சரிபாருங்கள்

டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு போகலாம் என்று மானுவலில் ஒரு எண் இருக்கும். அதிலிருந்து ஆளும் சாமானும் ஏறிய டிரக்கின் உண்மையான எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் நிஜமாக இழுக்கக்கூடியது. நடுத்தர பிக்அப்புகளில் இந்தப் பொறி அடிக்கடி உண்டு. 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள், வண்டியின் சொந்த வரம்பு 3,200, ஆனால் சேர்ந்த வரம்பு 6,000 என்றால் இரண்டையும் ஒன்றாக உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. 3,500 இழுக்க வேண்டுமானால் டிரக்கே 2,500க்குள் நிற்க வேண்டும்.

அமெரிக்க நிறுவனங்கள் இழுவை எண்ணைக் கணக்கிட எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 தரத்தைப் பின்பற்றுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் டேம் அருகே இருக்கும் நீண்ட ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு, குறைந்தபட்ச வேகம் விழாமல் ஏற வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. நல்ல தரம்தான். ஆனால் வண்டிக்குள் தலைக்கு 68 கிலோ வீதம் இரண்டு பேரும், கொஞ்சம் ஹிட்ச் சாமானும் மட்டும் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. குடும்பத்தோடு போகும் ஆளுக்கு அந்த எண் பொருந்தாது.

5. எந்த வகுப்பு?

எம்எக்ஸ்-5, லோட்டஸ் போல இலகுவான கார், அலுமினியத் திறந்த டிரெய்லர் என்றால் நல்ல நடுத்தர பிக்அப்பே போதும். பெரியதை வாங்கித் தினமும் பார்க்கிங்கில் திண்டாட வேண்டாம்.

911, கொர்வெட் அளவு கார், திறந்த டிரெய்லர் என்றால் ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா போன்ற அரை டன் வகுப்பு சரியாக வரும், ஸ்டிக்கர் நன்றாக இருந்தால். ராம் 1500இல் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், சவாரி சுகமாக இருக்கும், ஆனால் மேல் ரகங்களில் பேலோடு குறைவாக இருப்பதைப் பார்க்கலாம். எஃப்-150இல் கூடுதல் பேலோடுக்கென்று தனித் தொகுப்பு உண்டு, ஆனால் ஷோரூமில் தயாராக நிற்கும் வண்டிகளில் அதைக் காண்பது அரிது.

மூடிய டிரெய்லர் என்றால் நேராக அடுத்த பெரிய வகுப்பான எஃப்-250, 2500 வகைக்குப் போங்கள். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்த வகுப்பில் பல வண்டிகளின் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டில் (4,536 கிலோ) நிறுத்திவிடுவார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினை விட நல்ல கனம். வரம்பு ஏறாமல் எஞ்சின் மட்டும் கனத்தால் என்ன ஆகும்? பேலோடு குறையும். அதனால் சொகுசு ரக டீசல் 2500 ஒன்று, எளிய ரக பெட்ரோல் 2500ஐ விட நிறையக் குறைவாகச் சுமக்கும், சில சமயம் நல்ல அரை டன் வண்டி அளவுக்கே இறங்கிவிடும். இழுவை எண் மட்டும் வானத்தைத் தொடும்.

நீளத்தையும் பாருங்கள். அச்சுக்கும் அச்சுக்கும் இடையே தூரம் கூடக் கூட டிரெய்லர் டிரக்கை ஆட்டுவது குறையும். இரண்டு கதவு, குட்டைத் தொட்டி வண்டி மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு அதில் இஷ்டமில்லை.

6. எஞ்சின், அச்சு விகிதம், கூலிங்

மூன்று டன்னுக்குள் இழுப்பதற்கு டீசல்தான் வேண்டும் என்பது பழைய பேச்சு. டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் குறைந்த சுழற்சியிலேயே நல்ல டார்க் (திருப்புவிசை) தருகின்றன. மலைப் பாதையில் அடிக்கடி போவீர்கள் என்றால் டர்போவுக்கு இன்னொரு நன்மை உண்டு: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் சக்தியை இழக்கும், டர்போ உள்ளதில் அந்த இழப்பு வெகு குறைவு. டீசலின் நிஜமான வரம் இறக்கத்தில் தெரியும், எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் காலைப் பிரேக்கில் வைக்காமலேயே இறங்கலாம். வருடத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் மூடிய டிரெய்லரோடு போகிறவருக்கு டீசல், மற்றவர்களுக்குப் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எஞ்சினுக்கு 3.21, 3.55, 3.73, 3.92 என்று பல அச்சு விகிதங்கள் (அச்சில் உள்ள கியரின் விகிதம்) வரும். எண் பெரிதாக இருந்தால் இழுவை எளிது, காலியாக ஓடும்போது எரிபொருள் கொஞ்சம் கூடும். 3.21 அச்சோடு வரும் வண்டிக்கும் 3.92 அச்சோடு வரும் வண்டிக்கும் இழுவை வரம்பு ஆயிரக்கணக்கான பவுண்டு வேறுபடும். வாங்கிய பிறகு அச்சை மாற்றுவது பெரிய செலவு.

தொழிற்சாலையிலேயே டோயிங் தொகுப்போடு வந்த வண்டியாகத் தேடுங்கள். ஹிட்ச் ரிசீவரை (ஹிட்ச் செருகும் சதுரக் குழாய்) எங்கேயும் பிறகு மாட்டிக்கொள்ளலாம், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். கியர் ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர், ஏழு முனை மின் இணைப்பு, டிரெய்லரின் மின் பிரேக்கை இயக்க உள்ளேயே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர் இதெல்லாம் சேர்ந்துதான் தொகுப்பு. ரிசீவர் இருக்கிறது, ஏழு முனை இணைப்பு இல்லை என்றால் யாரோ பிறகு சேர்த்ததாக இருக்கலாம்.

மின்சார பிக்அப் பற்றி ஒரு வரி: இழுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் டிரெய்லர் மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுத்தான் வண்டியை உள்ளே கொண்டுபோக முடியும்.

7. ஹிட்ச், பிரேக்

ரிசீவரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கீழே குனிந்து பாருங்கள். நேரடியாகச் சுமக்கும்போது ஒரு வரம்பு, எடையைப் பகிரும் ஹிட்ச் மாட்டினால் வேறு வரம்பு என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். பல அரை டன் வண்டிகளில் முதல் எண் 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோதான். நாம் மேலே போட்ட திறந்த டிரெய்லர் கணக்கே 2,750. ஆக, எடையைப் பகிரும் ஹிட்ச் பல வண்டிகளில் கட்டாயம். அது டங் வெயிட்டின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பிவிடும். ஸ்டிக்கரில் உள்ள பேலோடை அது கூட்டாது, கூட்டும் என்று விற்பவர்கள் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

டிரெய்லர் உட்காரும் ஹிட்ச் பந்தின் அளவு: 2 அங்குலமா, இரண்டேகால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டிய 2-5/16 அங்குலமா, 50 மில்லிமீட்டரா என்பதை டிரெய்லரின் கப்ளரில் (பந்தைக் கவ்வும் முன்பகுதி) பொறித்திருப்பார்கள். 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றல்ல.

மின் பிரேக் உள்ள டிரெய்லருக்கு டிரக்கில் கன்ட்ரோலர் தேவை. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரின் கைநெம்பை மட்டும் மெதுவாக அழுத்த வேண்டும், டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். அந்த நெம்பு கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

8. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ்

அமெரிக்காவில் சேர்ந்த எடை வரம்பு 26,000 பவுண்டையும் டிரெய்லர் வரம்பு 10,000 பவுண்டையும் தாண்டினால்தான் வணிக லைசென்ஸ் கேட்பார்கள், ஒற்றைக் கார் டிரெய்லர் அந்தப் பக்கமே போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண பி லைசென்ஸில் 750 கிலோ வரை டிரெய்லர், அல்லது சேர்ந்து 3,500 கிலோ வரை. பி96 என்ற கூடுதல் தகுதி எடுத்தால் சேர்ந்து 4,250. கார் டிரெய்லருக்கு அநேகமாக பிஇ (கனமான டிரெய்லருக்கான லைசென்ஸ்) தேவைப்படும், பயிற்சிக்கும் தேர்வுக்கும் நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், டிரக் தேடும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள். பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பும் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று. அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டி வணிகக் காரியமாகப் போகும் வண்டியின் சேர்ந்த வரம்பு 10,001 பவுண்டு ஆனாலே வணிக வாகன விதிகள் வந்துவிடும். சொந்தப் பொழுதுபோக்குக்கு அது பொருந்தாது. ஆனால் டிரெய்லர் முழுக்க ஸ்பான்சர் பெயர் ஒட்டியிருந்து, செலவை வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகவும் காட்டினால், வழியில் நிறுத்தும் அதிகாரியிடம் 'இது என் பொழுதுபோக்கு' என்று சொல்வது கஷ்டம்.

இன்சூரன்ஸில் மூன்று பொருளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: டிரக், டிரெய்லர், டிரெய்லர் மேல் இருக்கும் கார். டிரெய்லரால் அடுத்தவருக்கு வரும் சேதத்தை டிரக்கின் பாலிசி ஏற்பது வழக்கம், டிரெய்லருக்கே வரும் சேதத்தை அது தானாக ஏற்காது. காருக்கு, ஏற்றிச் செல்லும்போதும் டிராக்கின் நிறுத்துமிடத்தில் நிற்கும்போதும் காப்பு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்பது பதில் இல்லை.

டிரெய்லர் பழையது என்றால் அதன் அடையாள எண் தகடும் பதிவுப் பத்திரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தகடு பிய்ந்துபோன டிரெய்லரைப் பதிவு செய்வது பெரிய அலைச்சல்.

9. விலைக்கு மேல் வரும் செலவு

டிரக் விலையோடு கணக்கை மூடிவிடாதீர்கள். எடையைப் பகிரும் ஹிட்ச், பந்து, பூட்டு, ஸ்ட்ராப், வின்ச், கன்ட்ரோலர் இல்லையென்றால் அதுவும், எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல தொகையாகும். எரிபொருள் திறந்த டிரெய்லரோடு ஒன்றரை மடங்கு வரை, மூடியதோடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுங்கச் சாவடிகளில் அச்சுக்குத் தகுந்த கட்டணம் வாங்கும் இடங்களில் நான்கு அச்சுக்குக் கொடுப்பீர்கள்.

டிரெய்லர் டயரைத் தேய்மானத்தைப் பார்த்து மாற்றுவதில்லை, வயதைப் பார்த்து மாற்றுவது. டயர் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் 3521 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரித்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் புதிதுபோல் இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பல டிரெய்லர் டயர்களுக்கு மணிக்கு 65 மைல்தான் வேக வரம்பு, டிரக் 80இல் போகும் என்பதற்காகப் போகாதீர்கள். சக்கர பேரிங்குக்கு வருடம் ஒருமுறை கிரீஸ்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் காரை ஏற்றுவீர்கள் என்றால், இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு வாடகை டிரக்கோ கார் ஏற்றிச் செல்லும் சர்வீஸோ எவ்வளவு ஆகிறது என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். நிறையப் பேருக்கு அதுதான் மலிவு.

10. பழைய டிரக் பார்க்கும்போது

ரிசீவரில் பூட்டு ஊசி செருகும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, நீண்டு முட்டை வடிவமாகிவிட்டதா என்று பாருங்கள். நீண்டிருந்தால் வரம்புக்கு மேல் இழுத்த வண்டியாக இருக்கலாம். கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்தால் கருகிய வாடை வரக் கூடாது. ஏழு முனை இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா, உயர்த்தும் கிட் ஏதாவது போட்டு வண்டியைத் தூக்கியிருக்கிறார்களா என்பதும் முக்கியம், தூக்கிய வண்டியில் டிரெய்லர் மூக்கு மேலே பார்க்கும், தளத்தின் பின்முனை தரையோடு தேயும். சேசிஸ் எண்ணை வைத்துத் தொழிற்சாலைத் தொகுப்பு விவரத்தை டீலரிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அச்சு விகிதம் அதில் இருக்கும்.

புது டிரக் என்றால் உடனே டிரெய்லரை மாட்ட முடியாது. ஃபோர்டு மானுவல் முதல் 1,000 மைலுக்கு (1,600 கி.மீ.) இழுக்காதே என்கிறது, ஜி.எம். 500 மைல் (800 கி.மீ.). அடுத்த வாரம் டிராக், இந்த வாரம் டெலிவரி என்று திட்டம் போடாதீர்கள்.

11. காரை ஏற்றி எடை பாருங்கள்

கார் தளத்தில் எங்கே நிற்கிறது என்பதுதான் டங் வெயிட்டைத் தீர்மானிக்கிறது. 911இலும் சி8இலும் எடையில் 60 சதவீதத்தை ஒட்டிப் பின்பக்கம். மற்ற கார்களை நிறுத்தும் இடத்தில் அதே மாதிரி முன்பார்த்து நிறுத்தினால் டங் வெயிட் குறைந்துபோகும். இன்னும் முன்னால் தள்ளுங்கள், இடமில்லையென்றால் ரிவர்ஸில் ஏற்றுங்கள். பந்திலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடு வரை 4.5 மீட்டர் என்றால், 1,550 கிலோ காரை 15 சென்டிமீட்டர் நகர்த்தினாலே டங் வெயிட் 50 கிலோ மாறும். சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். ஸ்ட்ராப்பை டயருக்கு மேல் சுற்றிப் போடும் வகையாக வாங்கினால் காரின் அடிப்பக்கத்தில் கொக்கி தேட வேண்டாம்.

பிறகு லாரிகள் எடை போடும் மேடைக்குப் போங்கள். அமெரிக்காவில் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும், ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி எடையோடு சீட்டு தருவார்கள். முதலில் எல்லாரும் உட்கார்ந்தபடி டிரக் மட்டும்: முன் அச்சு 1,420, பின் அச்சு 1,180 என்று வந்தால் மொத்தம் 2,600. அடுத்து டிரெய்லரோடு, எடை பகிரும் ஹிட்ச்சின் கம்பிகளை மாட்டாமல்: முன் 1,320, பின் 1,600, டிரெய்லர் அச்சு 2,430. டிரக்கின் அச்சுகளில் 2,920, முன்பு 2,600, வித்தியாசம் 320 கிலோ, அதுதான் டங் வெயிட். டிரெய்லர் மொத்தம் 2,750, ஆக 11.6 சதவீதம். நன்று. முன் அச்சு 100 கிலோ இழந்திருப்பதையும் கவனியுங்கள், ஸ்டியரிங் லேசாவது அதனால்தான். மூன்றாவதாகக் கம்பிகளை மாட்டி ஒரு தடவை: இழந்ததில் எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்று உங்கள் டிரக் மானுவலில் இருக்கும், ஹிட்ச் பெட்டியில் வந்த தாளை விட அதற்குத்தான் முன்னுரிமை. சீட்டுகளைப் பதிவுப் பத்திரத்தோடு டிரக்கிலேயே வைத்திருங்கள்.

கிளம்பி 80 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி டிரெய்லரின் சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி முறுக்கிவிடுங்கள், ஸ்ட்ராப்புகளும் அந்நேரத்துக்குக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.